பெயர் சொல்லாமல் பங்கெடுக்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பொழுதுபோக்காளர்களுக்கான கேள்வி பதில்

பறவை பார்ப்பவர்கள், செடிகொடி படமெடுப்பவர்கள், ஊர் வரைபடம் திருத்துபவர்கள், விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அவசரக்காரர்களுக்கு ஒரே பதில்: பார்ப்பதற்கும் படிப்பதற்கும் விருந்தினராகவே இருங்கள். நீங்கள் சொல்வதை இன்னொருவர் நம்பி எடுத்தாள வேண்டிய இடம் வந்தால் கணக்குத் திறவுங்கள். அது சொந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கணக்கு இல்லாமல் எதுவரை போகலாம்?

இடத்துக்கு இடம் வேறு. விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைத் திருத்தலாம். ஆனால் படமோ ஒலியோ ஏற்ற, அவற்றுக்கான பொதுக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் கணக்கு வேண்டும். தன்னார்வலர்கள் வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைபடத்தைப் பார்க்கலாம், "இங்கே பிழை இருக்கிறது" என்று குறிப்பு ஒன்றும் விடலாம். வீதியின் கோட்டினையோ பெயரையோ மாற்ற முடியாது. பெயரற்ற திருத்தங்களை அவர்கள் 2009இலேயே நிறுத்திவிட்டார்கள். செடி, விலங்குப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்டில் மற்றவர்களின் பதிவுகளைப் பார்க்கலாம், சொந்தப் பதிவு போட முடியாது. பறவை பார்ப்பவர்களின் தளமான ஈபேர்டில் பட்டியல் சமர்ப்பிக்கக் கணக்குக் கட்டாயம். சதுரங்கத் தளமான லிசெஸில் ஒன்றுமே பதியாமல் ஆடலாம்.

பெயர் போடாமல் எழுதினால் உண்மையிலேயே யாருக்கும் தெரியாதா?

தெரியாது என்று நினைப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. விக்கிப்பீடியாவில் நெடுங்காலமாக, கணக்கில்லாமல் திருத்தினால், இணைய இணைப்பின் இலக்க முகவரியான உங்கள் ஐபி முகவரியே பெயராக வரலாற்றில் நின்றது. உலகத்தில் யாரும் அதைப் பார்க்கலாம், எந்த நிறுவனத்தின் இணைப்பு என்று தேடலாம். அலுவலகத்திலோ பாடசாலையிலோ இருந்து திருத்தியவருக்கு இது புனைபெயரில் எழுதுவதைவிடக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். அந்தப் பழைய திருத்தங்கள் இன்றும் அப்படியே கிடக்கின்றன.

அண்மைய ஆண்டுகளில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா இதைத் தற்காலிகக் கணக்காக மாற்றியிருக்கிறது. முதல் திருத்தத்தைச் சேமித்ததும் அலை போன்ற ஒரு குறி, ஆண்டு, சில இலக்கங்கள் சேர்ந்த பெயர் ஒன்று தானாக உருவாகும். அது உலாவி சேமித்துவைக்கும் குக்கி என்ற சிறு கோப்பில் தங்கியிருக்கிறது. ஆயுள் 90 நாள். குக்கியை அழித்தால், போனிலிருந்து மடிக்கணினிக்கு மாறினால், வேறு உலாவி திறந்தால் புதுப் பெயர் வரும். பொதுமக்கள் ஐபியைப் பார்க்க முடியாது. பராமரிப்பு உரிமை பெற்ற சிலர் பார்க்கலாம்.

ஆகவே விருந்தினராக இருப்பதன் உண்மையான விலை வேறு. முந்தநாள் நீங்கள் எழுதிய பத்தியை ஒருவர் நீக்கிவிட்டு, ஏன் என்று உங்களிடம் ஒரு செய்தி விட்டிருப்பார். இன்று நீங்கள் வேறு போனில் வந்திருப்பீர்கள். செய்தி பழைய பெயருக்கே போய்க் கிடக்கும். நீங்கள் காரணம் தெரியாமல் திரும்ப அதே பத்தியைப் போடுவீர்கள், அவர் உங்களைக் குழப்பக்காரர் என்று முடிவு கட்டுவார். இருவர் மீதும் குற்றமில்லை.

நான் ஒன்றுமே செய்யவில்லை, "இந்த முகவரி தடுக்கப்பட்டுள்ளது" என்று வருகிறதே?

மொபைல் டேட்டாவில் இது சாதாரணம். தொலைபேசி நிறுவனங்களிடம் ஐபி முகவரிகள் போதாததால், நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். கொழும்பில் யாரோ ஒருவர் கட்டுரையைச் சிதைத்தால், அந்த முகவரியையோ அதைச் சூழ்ந்த தொகுதியையோ நிருவாகிகள் தடுப்பார்கள். கல்முனையில் இருக்கும் உங்களுக்கும் அடி விழும்.

முதலில் தடைச் செய்தியை முழுதாக வாசியுங்கள். பல தடைகள் கணக்கில்லாதவர்களுக்கும் புதுக் கணக்குத் திறப்பதற்கும் மட்டுமே. ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் உள்நுழைந்தால் திருத்தலாம். அப்படியென்றால் வீட்டு வைஃபை போன்ற வேறொரு இணைப்பில் போய்க் கணக்கைத் திறந்துவிட்டு, பிறகு மொபைல் டேட்டாவில் உள்நுழைந்து வேலையைத் தொடரலாம். உங்கள் முகவரியை மறைக்கும் வி.பி.என். செயலி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். விக்கிமீடியா தளங்கள் அதன் முகவரிகள் பலவற்றைக் கணக்குள்ளவர்களுக்கும் சேர்த்தே அடைத்து வைத்திருக்கின்றன. வேறொரு தேவைக்காக வி.பி.என். போட்டு மறந்துபோனவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

முன்பு பெயரில்லாமல் செய்தவற்றைப் பிறகு என் கணக்கில் சேர்க்கலாமா?

முடியாது. விக்கிப்பீடியா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குறிப்பு, லிசெஸ் ஆட்டம் எதிலும் முடியாது.

வரைபடத்தில் எங்கள் ஒழுங்கையின் பெயர் பிழை. குறிப்பு மட்டும் விட்டால் போதாதா?

நல்ல குறிப்பாக இருந்தால் போதும். தளத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கி, வலப்பக்கப் பட்டையில் உள்ள பேச்சுக் குமிழி அடையாளத்தை அழுத்தி, வரைபடத்தில் தோன்றும் குறியைச் சரியான இடத்துக்கு இழுத்துவிட்டு எழுத வேண்டும். பெயரற்ற குறிப்புகளில் பாதிக்கு மேல் "பெயர் பிழை" என்ற வகையில்தான் இருக்கும் என்று தோன்றுமளவுக்கு அவை குவிந்து கிடக்கின்றன. அதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. "எது பிழை, சரியானது எது?" என்று கீழே ஒருவர் கேட்பார். நீங்கள் விருந்தினர் என்பதால் அந்தக் கேள்வி உங்கள் மின்னஞ்சலுக்கு வராது. நீங்களே திரும்ப வந்து பார்த்தாலும் உள்நுழையாமல் பதில் எழுத முடியாது. மாதங்கள் கழித்துக் குறிப்பு மூடப்படும்.

விருந்தினராகவே விடுவதென்றால் கேள்விக்கு இடமில்லாமல் எழுதுங்கள்: "பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் மூன்றாவது ஒழுங்கை. வரைபடத்தில் 'கோயில் வீதி' என்று இருக்கிறது. பிரதேச சபையின் பெயர்ப்பலகையில் 'பிள்ளையார் கோயில் முதலாம் குறுக்கு' என்று இருக்கிறது. பலகையை இம்மாதம் நேரில் பார்த்தேன்." இடம், இப்போதுள்ளது, இருக்க வேண்டியது, எப்படித் தெரியும் என்ற நான்கும் வந்துவிட்டால் கொழும்பிலோ ஜெர்மனியிலோ இருப்பவர்கூட அதைத் திருத்திவிடுவார்.

ஒன்றிரண்டுக்கு மேல் திருத்த இருந்தால் கணக்கே வசதி. மின்னஞ்சலும் ஒரு காட்சிப் பெயரும் போதும், தொலைபேசி எண் கேட்பதில்லை. உலாவியிலேயே திறக்கும் தொகுப்பியில் வீதியைத் தெரிவு செய்து, பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மொழிவாரியாகப் பெயர் போடலாம். ஒரு மொழிப் பெயரைச் சேர்க்க இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் ஒரே ஊருக்கு இரண்டு பெயர் வழங்கும் இடங்களில் இதை மறந்து இருதரப்பும் மாறி மாறி அழிப்பதால்தான் சண்டை வருகிறது. பொதுப் பெயர்க் கட்டத்துக்கு அங்கே நிலவும் விதி எளிது: களத்தில் பலகையில் என்ன இருக்கிறதோ அது. சேமிக்கும்போது கேட்கும் குறிப்பில் "பெயர்ப்பலகையைப் பார்த்து" என்று எழுதுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து மட்டும் எழுதாதீர்கள். அது உரிமைப் பிரச்சினை, கண்டுபிடித்தால் உங்கள் திருத்தம் முழுவதையும் திருப்பிவிடுவார்கள்.

பறவைப் பட்டியலில் என் பெயர் எல்லோருக்கும் தெரிய வேண்டுமா?

வேண்டாம். ஈபேர்டில் கணக்குக் கட்டாயம் என்றாலும், அமைப்புகளில் பெயரைப் பொதுவில் காட்டாமல் வைக்கலாம்; பட்டியலில் பெயரற்ற பயனர் என்றே வரும். இடைவழியாக இது நல்ல ஏற்பாடு. ஊர்ப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் சந்தேகம் வந்தால் மின்னஞ்சலில் கேட்பார். நீங்கள் பதில் சொல்லலாம், வெளியாட்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது.

அந்த மின்னஞ்சலைக் கண்டு கோபிக்க வேண்டாம். வாவியோரத்தில் கூழைக்கடா 12 என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். 1,200 என்றால் கணினியே சந்தேகக் குறி போடும். "தூரத்தில் கூட்டமாக நின்றன, பத்துப் பத்தாக எண்ணிப் பெருக்கியது" என்று குறிப்பில் எழுதிவிட்டால் பெரும்பாலும் அத்துடன் முடியும். பதிலே வராத பதிவு உறுதி செய்யப்படாததாக ஒதுக்கப்படும். உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கும், பொதுத் தரவில் வராது.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, இடத்தின் பெயர். நீங்கள் உருவாக்கும் தனிப்பட்ட இடப் பெயர் பட்டியலோடு பொதுவில் தெரியும். பெயரை மறைத்துவிட்டு இடத்துக்கு "எங்கள் வீடு, இன்ன ஒழுங்கை, 14ஆம் இலக்கம்" என்று போட்டால் மறைத்ததற்கு அர்த்தமில்லை. "நாவற்குடா வளவு" போன்று ஊரளவில் நிறுத்துங்கள். மற்றது, எண்ணாமல் விட்டால் பூச்சியமோ ஒன்றோ போடாதீர்கள். எக்ஸ் என்று போட்டால் "இருந்தது, எண்ணவில்லை" என்று பொருள். தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், நடந்த தூரம், இனங்கண்ட எல்லாவற்றையும் எழுதினீர்களா என்ற நான்கும் சரியாக இருந்தால்தான் அந்தப் பட்டியல் ஆய்வுக்குப் பயன்படும். பொத்துவிலில் தொடங்கி ஒக்கந்தை வரை போன பயணத்தை ஒரே பட்டியலாகப் போடுவது வீண்வேலை. இடத்துக்கு ஒன்றாகப் பிரியுங்கள்.

அரிய உயிரினத்தின் இடத்தை மறைக்க வேண்டுமா, பெயரையா?

இடத்தை. இதுதான் எங்கள் மாவட்டங்களில் பெயரைவிடப் பெரிய விடயம். நட்சத்திர ஆமையை வளர்ப்புச் சந்தைக்காகப் பிடித்துக் கடத்துகிறார்கள். அனைத்துலக வணிகத்தைத் தடுக்கும் சைட்டிஸ் முதலாம் பட்டியலில் அது 2019இல் சேர்க்கப்பட்டது. அப்படியொரு ஆமை நின்ற பற்றையின் துல்லியமான ஆள்கூறு இணையத்தில் இருந்தால், அதைப் போட்டவர் பெயர் வெளியே தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

ஐநேச்சுரலிஸ்டில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று நிலைகள்: திறந்தது, மங்கலாக்கியது, தனிப்பட்டது. மங்கலாக்கினால் உண்மையான புள்ளிக்குப் பதிலாக 0.2 பாகை அகலமும் 0.2 பாகை உயரமும் கொண்ட பெட்டிக்குள் எங்கேயோ ஒரு புள்ளியைக் காட்டும். நம் அகலாங்கில் அது ஏறத்தாழ 22 கிலோமீற்றர். மட்டக்களப்பு நகரும் ஏறாவூரும் ஒரே பெட்டிக்குள் விழக்கூடிய அளவு. திகதியும் மாதத்தோடு நின்றுவிடும். அச்சுறுத்தலுக்குள்ளான பல இனங்களைத் தளம் தானாகவே மங்கலாக்கும். ஆனால் அது இனம் சரியாகக் குறிக்கப்பட்ட பிறகுதான் வேலை செய்யும். "ஏதோ ஒரு ஆமை" என்று போட்டால் மங்கலாகாது. ஆகவே சந்தேகமான எதையும் நீங்களே முதலில் மங்கலாக்கிவிட்டு ஏற்றுங்கள், பிறகு திறக்கலாம். தனிப்பட்டது என்ற நிலை பெரும்பாலும் தேவையில்லை: இடமே தெரியாத பதிவை இனங்காண வருபவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

அதோடு, விவரத்தில் "லகுகலைக் குளத்தின் வடக்குக் கட்டு, மூன்றாம் மைல்கல்" என்று எழுதினாலோ படத்தின் மூலையில் பலகை தெரிந்தாலோ மங்கலாக்கியது வீண். வீட்டு வளவில் எடுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இதையே செய்யுங்கள். ஒரே புள்ளியில் நாற்பது பதிவு குவிந்தால் அது உங்கள் வீடு என்று எவரும் ஊகிப்பார்கள்.

படத்திலேயே இடம் ஒளிந்திருக்கிறது என்கிறார்களே?

ஆம். கமரா அமைப்பில் இட அடையாளம் இயங்கினால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஆள்கூறு எழுதப்படும். ஐநேச்சுரலிஸ்டுக்கு அது வசதி, முகநூல் குழுவுக்கோ பொதுவகத்துக்கோ தேவையில்லாமல் இருக்கலாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் கழன்றுவிடும். ஆவணமாக, அதாவது டொக்கியூமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். தரம் குறையாமல் இருக்கட்டும் என்று ஆவணமாக அனுப்பும் பழக்கம் புகைப்படக்காரர்களிடம் உண்டு. கூட்டின் படத்தை மட்டும் அப்படி அனுப்பாதீர்கள்.

எந்தப் பெயரில் கணக்குத் திறப்பது?

புனைபெயர் போதும், நிலையாக இருந்தால். பிறந்த ஆண்டு, பாடசாலை, ஊர் மூன்றையும் ஒரே பெயரில் அடைக்காதீர்கள். தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் துண்டைப் பெயரோடு ஒட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதைக் கட்டாயம் விடுங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய அட்டையில் ஆண்டு முழுதாகவே இருக்கிறது. ஐந்து இலக்கத்தில் பிறந்த நாளும் பாலும் வெளியே.

விக்கிப்பீடியாவும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் தமிழ் எழுத்துப் பெயரை ஏற்கும். ஐநேச்சுரலிஸ்டும் லிசெஸும் தமிழ் எழுத்தை ஏற்காது, ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே பெயர் வேண்டுமென்றால் அதற்கேற்பத் தெரிவு செய்யுங்கள். ஆனால் ஒரே பெயர் என்பது எல்லாத் தளத்திலும் உங்களைக் கோத்துப் பார்க்க வழி என்பதும் உண்மை. தொல்லைக்கு அஞ்சும் பெண்கள் முகநூல் பெயரையோ முகநூல் படத்தையோ இங்கே கொண்டுவராமல் இருப்பதே நல்லது. உங்கள் படத்தை யாரும் எடுத்தாளும்போது நன்றி சொல்லப்படுவது இந்தப் பெயருக்குத்தான். விளையாட்டாக வைத்த பெயர் ஒரு நாள் நூலில் அச்சாகலாம்.

கழகத்தில் எல்லோரும் ஒரே கணக்கைப் பாவிக்கலாமா?

விக்கிப்பீடியா அதை ஏற்பதில்லை: ஒரு கணக்கு, ஒரு ஆள். கழகத்தின் பெயரையே பயனர் பெயராக வைத்தாலும் மாற்றச் சொல்வார்கள். ஈபேர்டில் சேர்ந்து பார்த்த பட்டியலை ஒருவர் எழுதி மற்றவர்களோடு பகிரும் வசதி இருப்பதால் தேவையே இல்லை.

பாடசாலையில் பயிற்சிப் பட்டறை நடத்துபவர்கள் வழக்கமாக இடறும் இடம் வேறு. விக்கிமீடியாவில் ஒரு ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குத்தான் திறக்கலாம். கணினி அறை முழுவதும் ஒரே ரவுட்டரில் இருக்கும். ஏழாவது மாணவருக்குப் பிழைச் செய்தி வரும், பட்டறை அத்தோடு நிற்கும். மாணவர்களை முதல்நாளே வீட்டில் கணக்குத் திறந்துவரச் சொல்லுங்கள். அல்லது முன்னரே தமிழ் விக்கிப்பீடியா நிருவாகிகளிடம் சொல்லி உதவி கேளுங்கள்.

மகளுக்குப் பதினொரு வயது, செடிகளில் ஆர்வம். கணக்குத் திறந்து கொடுக்கலாமா?

சீக் செயலியைக் கொடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் காரர்களுடையதுதான், பதிவு தேவையில்லை, படத்தைக் காட்டினால் இனத்தைச் சொல்லும், எதையும் பொதுவில் போடாது. ஐநேச்சுரலிஸ்டில் 13 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வேண்டும். சதுரங்கமென்றால் லிசெஸில் சிறுவர் நிலையை இயக்குங்கள், அரட்டை மறைந்துவிடும்.

வட்ஸ்அப் குழு போதாதா? அதில் பதிவே இல்லையே.

உங்கள் தொலைபேசி எண்ணே அங்கு பதிவு. 200 பேர் குழுவில் சேர்ந்தால் முன்பின் தெரியாத 199 பேருக்கு உங்கள் எண் போகிறது. இங்கே உள்ள மற்ற எல்லாத் தளத்தையும்விட அதிகம் காட்டுவது இதுதான், ஆனால் யாரும் அப்படி நினைப்பதில்லை. டெலிகிராமில் அமைப்புகள், தனியுரிமை, தொலைபேசி எண் என்று போய் "யாருக்கும் இல்லை" என்று மாற்றலாம்.

எண்ணை மட்டும் நம்பிக் கணக்குத் திறப்பதில் இன்னொரு சிக்கல். கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போகிறவரின் சிம் ரீலோட் இல்லாமல் காலாவதியாகி, சில காலம் கழித்து வேறொருவருக்கு விற்கப்படும். கடவுச்சொல் மறந்தால் சரிபார்ப்புக் குறியீடு அவருக்குப் போகும். போகுமுன் ஒவ்வொரு கணக்கிலும் மின்னஞ்சலைச் சேர்த்து, அந்த மின்னஞ்சலின் மீட்பு எண்ணையும் மாற்றிவிட்டுப் போங்கள்.

லிசெஸில் விருந்தினராக ஆடினால் என்ன குறை?

தரப்புள்ளி கிடையாது, பழைய ஆட்டங்களைத் தேடிப் படிக்க முடியாது. கணக்குத் திறந்தால் 1500இல் தொடங்கும். பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும்வரை அந்த எண்ணைப் பெரிதாக எடுக்க வேண்டாம், ஆட ஆட அது போய்விடும்.

வேண்டாமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகலாமா?

திறக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி. விக்கிப்பீடியாவில் கணக்கை அழிக்க முடியாது, பெயரை மாற்றிக்கொண்டு விலகலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு போகும், திருத்தங்கள் ஓர் இலக்கப் பெயரின் கீழ் நிற்கும். ஐநேச்சுரலிஸ்டில் நேரெதிர்: கணக்கை அழித்தால் உங்கள் பதிவுகள், மற்றவர் பதிவுக்கு நீங்கள் சொன்ன இனப்பெயர்கள் எல்லாம் சேர்ந்தே போகும். பெயர்தான் தொல்லை என்றால் பயனர் பெயரை மாற்றுங்கள், கணக்கை விடுங்கள். அழிப்பதே முடிவென்றால் முன்னதாகத் தரவை இறக்கி வையுங்கள். அந்தக் கோப்பில் படங்கள் வராது.

கல்லடிப் பாலத்தடியில் "பாடும் மீன்" ஒலியைப் பதிந்து வைத்திருக்கிறோம். பெயர் வெளியிடாமல் எங்கே போடலாம்?

விக்கிமீடியா பொதுவகத்தில், புனைபெயர்க் கணக்கில். ஃபிளாக், வேவ், எம்பி3 ஆகிய ஒலிக்கோப்பு வகைகள் எல்லாம் ஏற்கும். ஃபிளாக் இருந்தால் அதையே கொடுங்கள், எம்பி3இல் மெல்லிய ஒலிகள் அரிக்கப்பட்டுவிடும். விவரத்தில் திகதி, மணி, பாலத்தின் எந்தப் பக்கம், ஒலிவாங்கி நீருக்குள் எவ்வளவு ஆழம், கருவி என்ன, ஒலியைக் கூட்டினீர்களா, இரைச்சலைக் குறைத்தீர்களா என்பதை எழுதுங்கள். எந்த உயிரினத்தின் ஒலி என்று தலைப்பில் அடித்துச் சொல்லாதீர்கள். "கல்லடி வாவி நீரடி ஒலி" போதும். கேட்பவர் முடிவு செய்யட்டும். உரிமத்தைத் தெரிவு செய்யும்போது நீங்களே பதிந்தது என்று உறுதி சொல்ல வேண்டும். நண்பர் பதிந்ததென்றால் அவர் கணக்கில் அவரே ஏற்றட்டும்.

ஏற்றுமுன் முழுவதையும் ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். தோணியில் இருப்பவர்கள் பேசுவது, ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நீருக்கடியிலும் பதிந்துவிடும். அந்தத் துண்டை வெட்டிவிட்டு ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு புதிய கோப்பால் மாற்றினாலும் பழையது வரலாற்றில் கேட்கக்கூடியதாகவே இருக்கும். அதை நிருவாகி ஒருவர்தான் நீக்க முடியும்.